சில்லர் இல்லாம பெரிய கட்டடத்த குளுமையா வைக்குறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆபீஸ், காலேஜ், லைப்ரரி, டேட்டா சென்டர், ஃபேக்டரி ஷெட் எதுவா இருந்தாலும் சில்லர் (பெரிய கட்டடத்து ஏசிக்காக தண்ணிய குளுர வைக்குற மெஷின்) இல்லாம குளுமையா வைக்க முடியுமான்னு கேட்டா பெரும்பாலான ஊர்ல முடியும், ஆனா வேலைய சரியான வரிசையில செய்யணும், அந்த வரிசை மாறினா எவ்வளவு செலவு பண்ணாலும் உள்ள இருக்குறவங்க புழுங்கிக்கிட்டுதான் இருப்பாங்க. நிறைய ப்ராஜெக்ட்ல நடக்குறது என்னன்னா, கண்ணாடி பெட்டி மாதிரி டிசைன முடிச்சுட்டு அப்புறமா "இதுக்கு மண்ணுக்கடியில காத்த ஓட்டுற எர்த் டன்னல் போடலாமா, குளுந்த தண்ணி ஓடுற ரேடியன்ட் சீலிங் போடலாமா"ன்னு கேக்குறாங்க, அப்ப எந்த முறையும் தாங்காது, கடைசியில சில்லர்தான் வரும்.

அடிப்படை விஷயம் ஒண்ணுதான். உள்ள இருக்குற சூட்ட எங்கயாவது கொண்டு போய் கொட்டணும். சில்லர் கம்ப்ரசர வச்சு அழுத்தி, வெளிய 42 டிகிரி இருந்தாலும் அங்கயே சூட்ட தள்ளிடும், அதுக்குதான் அவ்வளவு கரண்ட் இழுக்குது. அது இல்லைன்னா, நம்ம ரூம விட குளிர்ச்சியா ஏற்கனவே இருக்குற ஒரு இடம் வேணும். அப்படி இயற்கையில இருக்குறது நாலு: ராத்திரி காத்து, ஆவியாகுற தண்ணி, மண்ணு இல்லைன்னா ஆழமான நீர்நிலை, அப்புறம் தெளிவான வானம். உங்க இடத்துல இதுல எது, வருஷத்துல எத்தன மணி நேரம், எவ்வளவு சூட்ட வாங்கிக்கும்னு பாக்கணும், அந்த அளவுக்குள்ள கட்டடத்தோட சூட்ட இறக்கணும். இந்த முழு வழிகாட்டியும் இந்த ரெண்டு வேலையப் பத்திதான்.

கணக்கு புரியுறதுக்காக ஒரே ஒரு தளத்த எடுத்துக்குறேன், 1,000 சதுர மீட்டர் ஆபீஸ் ஃப்ளோர், 100 பேரு உக்காந்து வேலை பாக்குறாங்க, உயரம் மூணரை மீட்டர், நீளமான பக்கம் மேற்கு பாத்து இருக்கு. கடைசி வரைக்கும் இதே தளம்தான்.

படி 1: வானிலைய மணிக்கணக்குல பாருங்க

"எங்க ஊர்ல வெயில் அதிகம்"ங்கறது டிசைனுக்கு உதவாது. வருஷத்துல 8,760 மணி நேரம் இருக்கு, ஒவ்வொரு மணிக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், காத்து, வெயில் எல்லாம் இருக்குற வெதர் ஃபைல் பெரும்பாலான நகரங்களுக்கு இலவசமா கிடைக்குது, எனர்ஜிபிளஸ்னு அமெரிக்க எரிசக்தித் துறை குடுக்குற சிமுலேஷன் சாஃப்ட்வேரும் இலவசம்தான். அத ஓட்டத் தெரியலைன்னாலும் ஃபைல ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல திறந்து நாலு நம்பர எடுங்க:

- வெயில் காலத்துல பகல் உச்சத்துக்கும் ராத்திரி குறைஞ்ச அளவுக்கும் எத்தன டிகிரி வித்தியாசம்
- ராத்திரி காத்து 22 டிகிரிக்கு கீழ எத்தன மணி நேரம் இருக்கு
- பகல்ல வெட் பல்ப் எவ்வளவு
- வருஷ சராசரி வெப்பநிலை

வெட் பல்ப்னா தெர்மாமீட்டர் முனையில ஈரத்துணி சுத்தி காத்து வீசினா காட்டுற அளவு. தண்ணி ஆவியாகுறத வச்சு அந்தக் காத்த எவ்வளவு தூரம் இறக்க முடியும்னு அது சொல்லிடும். வெயில் அளவு 40 டிகிரி, வெட் பல்ப் 22னா உங்களுக்கு நல்ல காலம். வெயில் அளவு 32 தான் ஆனா வெட் பல்ப் 28னா, கேக்க குறைவா தெரிஞ்சாலும் இதுதான் ரொம்ப கஷ்டமான கேஸ். சூடான வறண்ட ஊர விட மிதமான ஈரமான ஊருதான் சில்லர் இல்லாம ஓட்ட சிரமம், இத முதல்லயே மனசுல வாங்கிக்கோங்க.

படி 2: உள்ள வர்ற சூட்ட வெட்டுங்க, பாதி வேலை இங்கதான்

நம்ம தளத்த சாதாரணமா கட்டினா என்ன ஆகுதுன்னு பாப்போம். மேற்கு பக்கம் 100 சதுர மீட்டர் சாதா கண்ணாடி. சாயங்கால வெயில் நேரா அடிக்கும்போது ஒரு சதுர மீட்டர்ல 600 வாட் விழுதுன்னு வச்சுக்கோங்க, சாதா கண்ணாடி அதுல 80 சதவீதம் உள்ள விட்டுடும், ஆக 48 கிலோவாட். லைட்டு பழைய டியூப் செட்டிங்னா 12 கிலோவாட், டெஸ்க்டாப் கம்ப்யூட்டருங்க 15, ஆளுங்க ஒருத்தருக்கு 75 வாட் வீதம் ஏழரை. மொத்தம் 82 கிலோவாட்டுக்கு மேல, அதாவது சதுர மீட்டருக்கு 82 வாட். இந்த அளவ எந்த இயற்கை முறையும் தாங்காது, சத்தியமா தாங்காது.

இப்ப மாத்துவோம். மேற்கு கண்ணாடிய பாதியாக்கி, வெயில் சூட்ட கால்வாசி அளவு மட்டும் உள்ள விடுற டபுள் கிளாஸ் போட்டு, வெளிப்பக்கம் செங்குத்தா ஃபின் (துருத்திக்கிட்டு நிக்குற நிழல் பட்டை) வச்சா அந்த 48 கிலோவாட் ஏறத்தாழ 4 ஆகிடும். எல்.ஈ.டி., கூடவே ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போது தானா மங்குற சென்சார், அது 4. லேப்டாப்பும் நல்ல மானிட்டரும் சேத்து ஆளுக்கு 50 வாட், அது 5. ஆளுங்க அதே ஏழரை. மொத்தம் இருபதரை. நாலுல ஒரு பங்கு! இன்னும் எந்த கூலிங் மெஷினும் வாங்கல.

நிழல் வெளிய இருக்கணும். உள்ள மாட்டுற பிளைண்ட்ஸ் மேல வெயில் பட்டா அந்த சூடு ஏற்கனவே கண்ணாடிய தாண்டி உள்ள வந்தாச்சு, அத ரூமுக்குள்ளயே விட்டுட்டு பிளைண்ட்ஸ் சும்மா தொங்கும். கூசுறத தடுக்க உள்ள பிளைண்ட்ஸ் ஓகே, சூட்ட தடுக்க வெளிய தடுப்பு. நடுப்பகல்ல வெயில் உயரத்துல இருந்து விழற திசைக்கு கிடைமட்ட நீட்டல் போதும், கிழக்கு மேற்குக்கு வெயில் தாழ்வா வரும், அங்க செங்குத்து ஃபின்னோ, நகர்த்துற லூவரோ, ஜாலியோ (துளை துளையா இருக்குற தடுப்புச் சுவர்) வேணும். ஜெய்ப்பூர்ல இருக்குற பேர்ல் அகாடமி கட்டடத்துல சுத்தி முழுக்க ஜாலி மாதிரி ஒரு வெளித்தோல் குடுத்து, சுவரு மேல வெயில் நேரா படாம பண்ணியிருக்காங்க, அடியில படிக்கிணறு மாதிரி தண்ணியும் வச்சிருக்காங்க, பாலைவன ஓரத்துல இருக்குற கட்டடத்துக்கு அது ரொம்ப பொருத்தமான யோசனை.

மேல் கூரைக்கு வெள்ளை கோட்டிங் அடிங்க. கருப்பு கூரை வெயில்ல 70 டிகிரி தாண்டும், புது வெள்ளை பரப்பு வெயில்ல 80 சதவீதத்த திருப்பி அனுப்பிடும். தூசி படிஞ்சா இந்த அளவு குறையும், அதனால கழுவுற வேலைய பராமரிப்பு லிஸ்ட்ல எழுதி வைங்க. கூரைக்கு இன்சுலேஷனும் வேணும், ஆனா ஒற்ற மாடி ஷெட்டுக்கு அது உயிர், இருபது மாடிக் கட்டடத்துக்கு மேல் தளத்துக்கு மட்டும்தான் அது பிரச்சனை, பணத்த அதுக்கேத்த மாதிரி பிரிங்க.

படி 3: எத்தன டிகிரி வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

எல்லா கட்டடத்தையும் 23 டிகிரியில வைக்கணும்னு ஒரு பழக்கம் வந்துடுச்சு. ஜன்னல் திறக்குற, மின்விசிறி ஓடுற கட்டடத்துல ஜனங்க வெளி வானிலைக்கு தகுந்த மாதிரி பழகிக்குறாங்க, இத டி டியர், பிரேகர்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு ஆபீஸ் டேட்டாவ வச்சு காட்டினாங்க, அதுல இருந்துதான் அமெரிக்க ஏசி இன்ஜினியர்கள் சங்கமான ஆஷ்ரேயோட 55-ம் ஸ்டாண்டர்டுல அடாப்டிவ் கம்ஃபர்ட் முறை வந்துச்சு. ஃபார்முலா ஈஸி: வெளிய இருக்குற சராசரி வெப்பநிலைய 0.31-ஆல பெருக்கி 17.8 கூட்டுங்க. வெளிய சராசரி 30னா 27.1 வரும். அதுக்கு மேல மூணரை டிகிரி வரைக்கும், அதாவது 30.6 வரைக்கும் பெரும்பாலானவங்க ஏத்துக்குவாங்க. இது இயற்கையா காத்தோட்டம் இருக்குற கட்டடத்துக்கு மட்டும்தான், ஜன்னல் மூடின கண்ணாடி டவருக்கு இத காட்டி ஏமாத்தக் கூடாது.

காத்து உடம்பு மேல நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்துல பட்டா ரெண்டரை மூணு டிகிரி குறைஞ்ச மாதிரி இருக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வச்ச சீலிங் ஃபேன் 30 வாட் சொச்சம்தான் இழுக்கும். பெரிய ஹாலுக்கு ஏழு மீட்டர் விட்டம் வரைக்கும் பெரிய மெதுவா சுத்துற ஃபேன் இருக்கு. சில்லர் இல்லாத எந்தக் கட்டடத்துலயும் ஃபேன் கட்டாயம்னு நான் சொல்லுவேன். டிராயிங் பாக்க அழகா இருக்கணும்னு ஃபேன எடுத்துடுற டிசைனருங்க கிட்ட தயவு செஞ்சு சண்ட போடுங்க, அந்த மூணு டிகிரிய வேற எதுல இருந்து எடுத்தாலும் பல மடங்கு செலவு.

படி 4: ராத்திரி காத்த பகலுக்கு சேமிச்சு வைங்க

என்னக் கேட்டா எல்லா முறையிலயும் அழகானது இதுதான். பகல் ராத்திரி வித்தியாசம் 10 டிகிரி அளவுக்கு இருக்குற ஊர்ல கான்கிரீட்டையே ஒரு பேட்டரியா பயன்படுத்தலாம். ராத்திரி குளுந்த காத்த ஸ்லாப் மேல ஓட விட்டு அத குளிர வச்சுட்டா, மறுநாள் பகல்ல அது ரூம் சூட்ட மெதுவா உறிஞ்சிக்கும்.

எவ்வளவு உறிஞ்சும்? ஒரு நாள் சுழற்சியில கான்கிரீட்டோட மேல் பத்து சென்டிமீட்டர்தான் வேலை செய்யும், அத விட ஆழத்துக்கு சூடு போய் சேர்றதுக்குள்ள நாள் முடிஞ்சிடும். ஒரு சதுர மீட்டர், பத்து சென்டிமீட்டர் கனம், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 58 வாட்-மணி. ராத்திரி மூணு டிகிரி இறக்கினா 175 வாட்-மணி, அத எட்டு மணி நேர வேலைக்கு பிரிச்சா சதுர மீட்டருக்கு 22 வாட். படி 2-ல நம்ம இறக்கின இருபதரைய ஞாபகம் இருக்கா? இதுக்காகத்தான் அவ்வளவு பாடு பட்டோம்.

ஆனா ஃபால்ஸ் சீலிங் போட்டா இந்தக் கணக்கு முழுக்க போச்சு. ரூம் சூடு மேல போய் ஜிப்சம் போர்டுல முட்டி நின்னுடும், அதுக்கு மேல அந்த ஸ்லாப் சும்மா உக்காந்திருக்கும். ஸ்லாபோட அடிப்பக்கம் ரூமுக்கு தெரியணும். சத்தம் எதிரொலிக்கும்னு சொல்லுவாங்க, அது நியாயமான கவலைதான், அதுக்கு இடைவெளி விட்டு செங்குத்தா தொங்குற ஒலி தடுப்பு பேனல் போடுங்க, காத்தும் போகும் சத்தமும் குறையும்.

இப்ப காத்து எவ்வளவு வேணும். 1,000 சதுர மீட்டருக்கு 175 கிலோவாட்-மணி, ராத்திரி எட்டு மணி நேரத்துல வெளிய தள்ளணும், அதாவது சராசரி 22 கிலோவாட். ஒரு கன மீட்டர் காத்து ஒரு டிகிரிக்கு 1.2 கிலோஜூல் எடுத்துட்டு போகும். உள்ள வர்ற காத்துக்கும் வெளிய போற காத்துக்கும் சராசரி மூணரை டிகிரி வித்தியாசம்னு வச்சா நொடிக்கு அஞ்சேகால் கன மீட்டர் வேணும், இந்த தளத்துக்கு மணிக்கு அஞ்சரை ஏர் சேஞ்ச், அதாவது தளத்துல இருக்குற காத்து முழுசும் மணிக்கு அஞ்சரை தடவ மாறணும். பகல்ல ஜன்னல் ஓரமா வர்ற காத்த விட இது ரொம்ப அதிகம், அதனால ராத்திரிக்குன்னு தனியா வழி வைக்கணும்.

ஃபேன் இல்லாம, சூட்டுக் காத்து தானா மேல ஏறுற வெறும் சிம்னி இழுப்புல இது நடக்குமா? உயரம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 0.04 பாஸ்கல்தான் அழுத்தம் கிடைக்கும். 15 மீட்டர் சிம்னி, 5 டிகிரி வித்தியாசம், மூணு பாஸ்கல். ரொம்ப ரொம்ப சின்ன அழுத்தம், அதனால திறப்பு பெருசா இருக்கணும், நம்ம தளத்துக்கு உள்ள வர அஞ்சரை சதுர மீட்டர், வெளிய போக அஞ்சரை சதுர மீட்டர், அதுவும் லூவர் பிளேடு, கொசுவலை எல்லாம் கழிச்சு நிகரமா. கொசுவலை நிகர பரப்புல பாதி வரைக்கும் தின்னுடும், அத கணக்குல சேக்காமத்தான் நிறைய சிம்னி பேருக்கு நிக்குது. இன்னொன்னு, சிம்னியோட வாய் கடைசி மாடிய விட நல்லா மேல இருக்கணும், இல்லைன்னா கீழ் மாடி சூட்டுக் காத்தெல்லாம் கடைசி மாடி ஆபீஸுக்குள்ளயே வந்து இறங்கும். இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்குற டி மான்ட்ஃபோர்ட் யுனிவர்சிட்டி குவீன்ஸ் பில்டிங்ல 1993-லயே பெரிய லெக்சர் ஹாலுங்கள சிம்னிய நம்பி ஓட்டிக் காட்டினாங்க, கூரைக்கு மேல அந்த சிம்னிங்க நல்லா உயரமா துருத்திக்கிட்டு நிக்குறத ஃபோட்டோவுல பாருங்க.

ஃபேன் வச்சா கட்டுப்பாடு ஈஸி, ஆனா டக்ட்ட இறுக்கமா போட்டுடாதீங்க. அதே அஞ்சேகால் கன மீட்டர 500 பாஸ்கல் எதிர்ப்புல தள்ளினா ஃபேன் நாலு கிலோவாட்டுக்கு மேல இழுக்கும், 22 கிலோவாட் சூட்டுக்கு நாலு கிலோவாட்னா நல்ல வாட்டர் கூல்டு சில்லர் இழுக்குறதும் அதே அளவுதான், அப்ப எதுக்கு இவ்வளவு கஷ்டம்? அதே காத்த 100 பாஸ்கல்ல தள்ளினா ஒரு கிலோவாட்டுக்கும் கீழ. அகலமான, நேரான, வளைவு குறைஞ்ச பாதைதான் இதுல கிடைக்குற சேமிப்பு முழுசும். ஃபேன் வேகத்த பாதியாக்கினா கரண்ட் எட்டுல ஒண்ணாகும், அதனால சின்ன ஃபேன வேகமா ஓட்டாம பெருச மெதுவா ஓட்டுங்க.

இந்த முறைக்கு பேர் போன உதாரணம் ஜிம்பாப்வே ஹராரேயில இருக்குற ஈஸ்ட்கேட் சென்டர், 1996, ஆர்க்கிடெக்ட் மிக் பியர்ஸ், இன்ஜினியரிங் அரூப் கம்பெனி. கடைகளும் ஆபீஸும் சேந்த பெரிய கட்டடம், வழக்கமான ஏசி கிடையாது, பகல்ல மெதுவா ராத்திரி வேகமா ஓடுற ஃபேனுங்க தரைக்கு அடியில இருக்குற கான்கிரீட் வழியா காத்த ஓட்டுது. கரையான் புத்தப் பாத்து டிசைன் பண்ணாங்கங்கற கதைய எல்லாரும் சொல்லுவாங்க, அத விட முக்கியமானது அந்த ஊரு கடல் மட்டத்துல இருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு, ராத்திரி நல்லா குளிரும், கண்ணாடிய குறைச்சு வச்சிருக்காங்க. இதே டிசைன கடலோர ஈர ஊர்ல அப்படியே கட்டினா ஓடாது. மெல்போர்ன்ல 2006-ல திறந்த கவுன்சில் ஹவுஸ் 2-லயும் ராத்திரி ஜன்னல் தானா திறந்து வளைஞ்ச கான்கிரீட் சீலிங்க குளிர வைக்குது.

பகல்ல வர்ற ஃப்ரெஷ் ஏர நிறைய பேரு மறந்துடுவாங்க. 100 பேருக்கு ஆளுக்கு பத்து லிட்டர் வீதம் நொடிக்கு ஒரு கன மீட்டர், வெளிய எட்டு டிகிரி கூட இருந்தா அதுவே ஒம்போதரை கிலோவாட் சுமை, நம்ம மொத்த சூட்டு பட்ஜெட்ல பாதி. அந்தக் காத்த மட்டுமாவது ஏதாவது ஒண்ணு வழியா குளுர வச்சு விடணும், அதுக்குத்தான் அடுத்த படி.

படி 5: தண்ணிய ஆவியாக்குங்க

வேர்த்த உடம்புல காத்து பட்டா குளுருதுல்ல, அதே விஷயம்தான். ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா ஏறத்தாழ 0.67 கிலோவாட்-மணி சூட்ட எடுத்துக்கும். நேரடி முறையில 20, 30 சென்டிமீட்டர் கனமான செல்லுலோஸ் பேட் வழியா காத்து போகும், நல்ல பேட்னா வெயில் அளவுக்கும் வெட் பல்புக்கும் நடுவுல இருக்குற இடைவெளியில 85 சதவீதம் இறக்கும். 40-ம் 22-ம்னா காத்து 24.7-ல வெளிய வரும், அருமை. 32-ம் 28-ம்னா 28.6, அதுவும் சொதசொதன்னு ஈரமா, பிரயோஜனம் இல்ல.

நம்ம தளத்துக்கு 24.7-ல காத்து விட்டு ரூம 29-ல வைக்கணும்னா நொடிக்கு நாலு கன மீட்டர் போதும். பேட் மேல காத்து நொடிக்கு ரெண்டு மீட்டர் வேகத்துக்குள்ள இருக்கட்டும், அப்ப ரெண்டு சதுர மீட்டர் பேட். வேகம் கூடினா தண்ணித் துளி காத்தோட சேந்து டக்ட்டுக்குள்ள பறக்கும். முக்கியமா, உள்ள விடுற அளவு காத்து வெளிய போக வழி இருக்கணும், ரூமுக்குள்ளயே சுத்த விட்டா பத்து நிமிஷத்துல ஈரம் ஏறி கூலிங் நின்னுடும்.

ஈரம் கூடாதுன்னா இன்டைரக்ட் முறை. ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல ஒரு பக்கம் ஈரமான கழிவுக் காத்து, மறுபக்கம் உள்ள போற காத்து, ரெண்டும் கலக்காது, ஈரம் ஏறாம சூடு மட்டும் இறங்கும். இதுக்கு அப்புறம் ஒரு நேரடி பேடும் வச்சா ரெண்டு ஸ்டேஜ் ஆகிடும், வறண்ட ஊர்ல வெட் பல்புக்கும் கீழ இறக்க முடியும். மேல சொன்ன ஃப்ரெஷ் ஏர் சுமைக்கு இன்டைரக்ட் யூனிட்தான் என்னோட முதல் சாய்ஸ்.

ஃபேனே இல்லாமலும் பண்ணலாம். உயரமான டவரோட உச்சியில நுண்ணிய பனி மாதிரி தண்ணிய தெளிச்சா, குளுந்த காத்து கனமாகி தானா கீழ இறங்கும். அகமதாபாத்ல டொரன்ட் ரிசர்ச் சென்டர்ங்கற மருந்து ஆராய்ச்சி வளாகத்துல இத 1990-களோட கடைசியில பெரிய அளவுல செஞ்சாங்க, அமெரிக்காவுல யூட்டாவுல சயான் நேஷனல் பார்க் விசிட்டர் சென்டர்லயும் இதே மாதிரி கூல் டவர் இருக்கு. ஈரான்ல யஸ்த் நகரத்துல 33 மீட்டர் உயரத்துல நிக்குற தௌலதாபாத் தோட்டத்து காத்துக் கோபுரமும், கீழ தண்ணித் தொட்டி வச்சு இருநூறு வருஷத்துக்கும் முன்னாடியே இந்த வழிக்கு வந்துட்டதுதான். டேட்டா சென்டருக்கும் இது பொருந்தும், ஓரிகான்ல பிரைன்வில்ல ஃபேஸ்புக் 2011-ல திறந்த டேட்டா சென்டர்ல சில்லரே கிடையாது, வெளிக்காத்தும் தண்ணி ஆவியும்தான். சர்வருங்க மனுஷன விட சூடு தாங்கும்ங்கறதால அங்க இன்னும் சுலபம்.

தண்ணி பக்கம் ரெண்டு எச்சரிக்கை. 100 கிலோவாட் கூலிங்க்கு மணிக்கு 150 லிட்டர் ஆவியாகும், அது போக உப்பு சேராம இருக்க கொஞ்சம் தண்ணிய அப்பப்ப வெளிய விடணும். தண்ணித் தட்டுப்பாடு இருக்குற ஊர்ல குடிநீர இதுக்கு இழுக்காதீங்க, சுத்திகரிச்ச கழிவு நீரும் மழை நீரும் பாருங்க. ரெண்டாவது லெஜியோனெல்லா கிருமி, 20-ல இருந்து 45 டிகிரி வரைக்கும் தேங்கி நிக்குற தண்ணியில வளரும், துளியா மூச்சுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. தெளிக்குற முறைக்கும் கூலிங் டவருக்கும் (கொஞ்சம் தண்ணிய ஆவியாக்கி மீதித் தண்ணிய குளுர வைக்குற கோபுரம்) தண்ணி சுத்திகரிப்பும் டெஸ்ட்டும் விட்டுக்குடுக்கவே கூடாத விஷயம். அதுக்கு ஆள் வைக்க முடியாதுன்னா இந்த முறைய எடுக்காதீங்க.

படி 6: சூட்ட தண்ணிக் குழாயில கொண்டு போங்க

ஒரே கன அளவுக்கு தண்ணி காத்த விட ஏறத்தாழ 3,500 மடங்கு சூட்ட சுமக்கும். நம்ம 22 கிலோவாட்டுக்கு நொடிக்கு அஞ்சேகால் கன மீட்டர் காத்து வேணும்னு பாத்தோம்ல, தண்ணின்னா நாலு டிகிரி வித்தியாசத்துல நொடிக்கு 1.3 லிட்டர் போதும். ஸ்லாபுக்குள்ள 15, 20 சென்டிமீட்டர் இடைவெளியில பெக்ஸ்ங்கற பிளாஸ்டிக் பைப் பதிச்சு, ராத்திரி கூலிங் டவர்ல குளுந்த தண்ணிய சுத்த விடலாம். டவர் வெட் பல்ப விட மூணு நாலு டிகிரி மேல வரைக்கும் தண்ணிய இறக்கும், ராத்திரி வெட் பல்ப் 18னா தண்ணி 21, 22. சீலிங் 23, ரூம் 27னா சதுர மீட்டருக்கு 40 வாட்டுக்கு மேல கூட உறிஞ்சும். 16 டிகிரி தண்ணி தேவையே இல்ல, சில்லர் இல்லாம இது நடக்குறதுக்கு காரணமே இந்த பெரிய பரப்புதான்.

இதுல வில்லன் ட்யூ பாயின்ட், அதாவது காத்துல இருக்குற ஈரம் தண்ணியா படிய ஆரம்பிக்குற வெப்பநிலை. ரூம் 27 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னா ட்யூ பாயின்ட் 18.6, 21 டிகிரி தண்ணி பத்திரம். அதே 27-ல ஈரப்பதம் 75 ஆச்சுன்னா ட்யூ பாயின்ட் 22.2, சீலிங்ல முத்து முத்தா வேர்க்க ஆரம்பிச்சு டேபிள் மேல சொட்டும். அதனால ஒவ்வொரு ஜோன்லயும் ஈரப்பத சென்சார், ட்யூ பாயின்ட்ட விட ரெண்டு டிகிரியாவது தண்ணி மேல இருக்குற மாதிரி கன்ட்ரோல், மழை நாள்ல ஜன்னல் திறந்தா அந்த ஜோன் வால்வ் மூடுறது, இது மூணும் இல்லாம இந்த ரேடியன்ட் சீலிங் போடாதீங்க. பைப் பதிச்ச ஸ்லாப்ல பின்னாடி யாரும் டிரில் போடாம இருக்க ஒரு வரைபடமும் ஆபீஸ்லயே மாட்டி வைங்க.

படி 7: மண்ணு, ஏரி, வானம்

பூமிக்குள்ள பத்து மீட்டர் போனா வெப்பநிலை அந்த ஊரோட வருஷ சராசரிக்கு கிட்ட நிக்கும். சராசரி 15 உள்ள ஊர்ல இது பெரிய சொத்து. 28 உள்ள ஊர்ல மண்ணும் 28தான், எர்த் டன்னல் உச்சி வெயில் நேர ஃப்ரெஷ் ஏர கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். போட்டா சரிவா போட்டு தண்ணி வடிய வழி வைங்க, உள்ள ஈரம் நின்னா பூஞ்சை வாடை கட்டடம் முழுக்க வரும்.

ஆழமான ஏரி பக்கத்துல இருந்தா அத விட பெரிய வரம் இல்ல. தண்ணி 4 டிகிரியிலதான் அதிக அடர்த்தி, அதனால குளிர் ஊர் ஏரிகளோட அடியில வருஷம் முழுக்க அந்த அளவு குளுந்த தண்ணி கிடக்கும். கார்னெல் யுனிவர்சிட்டி 2000-ல இருந்து கயூகா ஏரித் தண்ணிய வச்சு கேம்பஸ குளுர வைக்குது, டொரான்டோவுல 2004-ல இருந்து ஒன்டாரியோ ஏரியில 83 மீட்டர் ஆழத்துல இருந்து எடுத்து நகர மையத்துக் கட்டடங்களுக்கு குடுக்குறாங்க. இது ஒரு கட்டடத்துக்காரர் தனியா செய்யுற வேலை இல்ல, நகராட்சியும் சுற்றுச்சூழல் அனுமதியும் சேந்து வரணும்.

வானம் பத்தி சுருக்கமா. தெளிவான ராத்திரியில கூரை தன் சூட்ட நேரா வானத்துக்கே கதிரா அனுப்பும், அதனால ராத்திரி கூரையில தண்ணிய மெல்லிசா ஓட விட்டு தொட்டியில சேமிக்கலாம். 2014-ல ஸ்டான்ஃபோர்ட்ல அஸ்வத் ராமன் குழு நேரடி வெயில்லயே சுத்துக் காத்த விட 4.9 டிகிரி குறைவா நிக்குற ஒரு பூச்சைக் காட்டினாங்க. மேகமும் ஈரமும் இருந்தா இது மங்கிடும், மேல சொன்ன முறைங்களுக்கு துணையா மட்டும் வைங்க.

ஈரமான ஊருக்கு என்ன வழி

வெட் பல்ப் எப்பவும் 26க்கு மேல, ராத்திரியும் புழுக்கம்னா படி 4, 5, 6 மூணும் கைவிட்டுடும், இத மறைச்சு பேசுறதுல அர்த்தமில்ல. அங்க படி 2-ம் 3-ம்தான் ஆயுதம்: முழு நிழல், குறுகலான தளம், எல்லா இடத்துலயும் ஃபேன். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தா சீலிங் உயரத்துல ரெண்டு ரெண்டரை மடங்கு ஆழம் வரைக்கும்தான் காத்து போகும், எதிர் எதிர் ஜன்னல்னா அஞ்சு மடங்கு வரைக்கும். மூணரை மீட்டர் உயரத்துக்கு 17 மீட்டர் அகலம், நம்ம தளம் 20 மீட்டர் அகலம்னா நடுவுல ஒரு திறந்த முற்றம் தேவைப்படும். கழிவு வெப்பமோ சோலார் வெப்பமோ இருந்தா டெசிகன்ட் வீல் வச்சு ஈரத்த எடுத்துட்டு அப்புறம் இன்டைரக்ட் கூலிங் பண்ணலாம், அதுக்கு 60, 80 டிகிரி சூடு தேவை. ஆபரேஷன் தியேட்டர், ஆவணக் காப்பகம் மாதிரி ஈரப்பதம் இம்மியும் மாறக் கூடாத அறைகளுக்கு தனியா சின்ன ஏசி யூனிட் போட்டுடுங்க, அந்த நாலு அறைக்காக முழு கட்டடத்துக்கும் சில்லர் போடுறதுதான் தப்பு.

படி 8: கன்ட்ரோலும் முதல் ரெண்டு வெயில் காலமும்

இந்தக் கட்டடங்க டிசைன்ல தோக்குறத விட ஓட்டுறதுல தோக்குறதுதான் அதிகம். ராத்திரி டேம்பர் (காத்துப் பாதைய திறந்து மூடுற தகடு) எப்ப திறக்கணும்? வெளிக்காத்து ஸ்லாப விட ரெண்டு மூணு டிகிரி கீழ இருக்கும்போது மட்டும், மழை இல்லாதப்ப, ஸ்லாப் 20-க்கு கீழ போகாத வரைக்கும். ரூம் காத்த அளக்குற சென்சார வச்சு இத முடிவு பண்ணக் கூடாது, காத்து அஞ்சு நிமிஷத்துல குளுந்துடும், உடனே டேம்பர் மூடிடும், ஸ்லாப் சூடாவே கிடக்கும். ஸ்லாபுக்குள்ளயே ஒரு சென்சார் பதிங்க. ராத்திரி திறந்திருக்குற திறப்புக்கெல்லாம் கம்பி, மழைத் தடுப்பு, ஃபயர் அலாரம் அடிச்சா மூடுற வசதி, இதெல்லாம் செக்யூரிட்டி ஆளுங்க கிட்டயும் பேசி முடிங்க, இல்லைன்னா அவங்க மொத நாளே எல்லாத்தையும் பூட்டிடுவாங்க.

உள்ள வேலை பாக்குறவங்களுக்கும் சொல்லணும். அமெரிக்காவுல கொலராடோவுல, என்.ஆர்.இ.எல்.னு பேர் இருந்த எரிசக்தி ஆராய்ச்சி நிலையத்தோட ஆபீஸ் கட்டடத்துல ஜன்னல் திறக்குறதுக்கு ஏத்த நேரம் வந்தா ஊழியர்களோட கம்ப்யூட்டர்லயே தகவல் வரும். வெளிய 38 இருக்கும்போது நல்ல மனசோட ஜன்னல் திறந்து வைக்குற ஒருத்தர் ராத்திரி சேமிச்சதுல பாதிய காலி பண்ணிடுவாரு, அவரு மேல தப்பில்ல, சொல்லாதது நம்ம தப்பு.

முதல் வெயில் காலத்துல ஒவ்வொரு மாடியிலயும் ஸ்லாப், ரூம், வெளிக்காத்து மூணையும் ஒரே கிராஃப்ல வாரா வாரம் பாருங்க. காலையில ஸ்லாப் ரூம விட குளுந்து இருக்கணும், சாயங்காலம் அந்த இடைவெளி மூடிக்கிட்டு வரணும். காலையிலயே ரெண்டு கோடும் ஒட்டி இருந்தா ராத்திரி காத்து வரல, வலை அடைச்சிருக்கா டேம்பர் மோட்டார் கழண்டிருக்கான்னு போய் கையால தொட்டுப் பாருங்க. சாயங்காலமும் இடைவெளி அப்படியே இருந்தா ஸ்லாப் ரூமோட பேசல, யாரோ நடுவுல பேனல் மாட்டியிருக்காங்க. ரெண்டாவது வெயில் காலத்துல செட் பாயின்ட்ட (கன்ட்ரோல்ல வச்சிருக்குற டிகிரி அளவ) ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தி ரெண்டு வாரம் விடுங்க, கான்கிரீட்டுக்கு பதில் சொல்லவே நாலஞ்சு நாள் ஆகும்.